தங்கக் கூண்டும் தாயின் கண்ணீரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், பங்கின் இளம்பெண் ஒருத்தியின் நோன்பை மறையுரையில் பாராட்டிப் பேசினோம். பெயரைச் சொல்லவில்லை, எனினும் கேட்டோர் அறிந்துகொண்டனர். உயிர்ப்புப் பெருவிழா வந்தது. பிறர் நோன்பு முடிந்தது. அப்பெண் மட்டும் உண்ணத் தொடங்கவில்லை. அவளுடைய தாய் கண்ணீரோடு வந்து நின்ற பின்னரே, நாம் புகழ்ந்தது பக்தியை அன்று, ஒரு நோயை என்பது விளங்கிற்று. “என் வளர்ப்பில் என்ன குறை, சாமி?” என்று அத்தாய் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அந்த வருத்தமே ஹில்டே புரூக் எழுதிய ‘தி கோல்டன் கேஜ்’ என்னும் நூலை நம் கையில் எடுக்க வைத்தது.

1904இல் ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் புரூக். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சேர்ந்தார். குழந்தை மருத்துவராகத் தொடங்கி உளமருத்துவரானார். 1978இல் வெளிவந்த இந்நூல் அவர் வாழ்நாள் உழைப்பின் பிழிவு எனலாம். தன் வீட்டின் செல்வச் செழிப்புக்குத் தான் பொருந்தாதவள், தங்கக் கூண்டில் அடைபட்ட எளிய சிட்டுக்குருவி என்று நோயாளி ஒருத்தி தன்னைக் கண்டாள். அந்த உவமையே நூலின் பெயராயிற்று.

அனரெக்சியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்பது பொருள். பெயரே பிழை என்று காட்டுகிறது இந்நூல். இந்நோயாளிகள் பசியற்றவர் அல்லர். பகலும் இரவும் உணவையே எண்ணிக்கொண்டு, அந்தப் பசியோடு போராடுகிறவர்கள். ஏன் போராடுகிறார்கள்? பிறர் விருப்பத்தையே தம் விருப்பமாக்கி, ‘நல்ல பிள்ளை’ என்று பெயரெடுத்து வளர்ந்தவர்களுக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. தம் உடல் ஒன்றையேனும் தாம் ஆளலாம் என்று எண்ணுகின்றனர். ஆகவே, ‘உண்’ என்னும் அதட்டல் அவர்கள் செவியில் எஞ்சிய ஒன்றையும் பறிக்கும் குரலாகவே விழுகிறது.

புரூக்கின் பரிவு இங்கேதான் தனித்து நிற்கிறது. நோயாளியின் மனத்தை அவருக்கே விளக்கிச் சொல்லும் மேதைமையை அவர் கைவிட்டார். தாம் அறியாதவர் என்ற நிலையில் அமர்ந்து செவிமடுத்தார். தன் உணர்வுக்குத் தானே பெயரிடக் கற்கும்போதுதான் நோயாளி எழுகிறார் என்பது அவர் கண்ட உண்மை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் நமக்கும் இதில் பாடம் உண்டு. அதே வேளையில், அவர் பரிவு வெறும் கனிவன்று. பட்டினி மூளையையும் மனத்தையும் மாற்றிவிடுவதால், உடல் ஓரளவு தேறாமல் பேச்சு மட்டும் பயன் தராது என்று உறுதியாகச் சொல்கிறார். 1944-45இல் மினசோட்டாவில் அரைப்பட்டினி ஆய்வுக்கு உட்பட்ட 36 ஆண்கள் உடல்நலமும் மனநலமும் உள்ளவர்களே. அவர்களும் சோர்வுற்று, உணவு நினைவிலேயே உழன்றனர்.

எனினும் நூலில் ஒரு பெருங்குறை உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. நோயின் வேரைப் புரூக் பெரும்பாலும் பெற்றோரிடம், சிறப்பாகத் தாயிடமே தேடினார். மகளுக்குக் காட்டிய செவிமடுத்தலைத் தாய்க்குக் காட்டவில்லை. நம்மிடம் வந்த அத்தாய்க்கு இந்நூலிலிருந்து விடை சொல்லியிருந்தால், புண்ணில் வேல் பாய்ச்சியிருப்போம். பின்வந்த ஆய்வுகள் வேறு வழி காட்டின. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையினர் 1980களில் பெற்றோரைக் குற்றவாளிகளாக அன்றி, சிகிச்சையின் துணைவர்களாக ஏற்று நற்பயன் கண்டனர். 2019இல் வெளியான பன்னாட்டு மரபணு ஆய்வு இந்நோயோடு தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகளைச் சுட்டிற்று. வசதி படைத்த வீடுகளின் நோய் என்னும் கருத்தும் இன்று நிலைபெறவில்லை. ஏழை, பணக்காரர், ஆண், பெண் என எவரையும் இது தீண்டுகிறது.

நம் மரபும் இவ்விடத்தில் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 1380இல் 33 வயதில் மறைந்த சியன்னா நகர்ப் புனித கத்தரீனா, தம்மால் உண்ண இயலாமையை நோயென்றே கருதி, மற்றவர்போல் உண்ணும் வரத்தை இறைவனிடம் வேண்டியதாகக் கடிதத்தில் எழுதினார். அவர் புனிதத்தைப் போற்றும் நாம், அந்த வேண்டுதலை மறந்துவிட்டோம். 18 முதல் 59 வயது வரை உள்ளோர்க்கே நோன்பைக் கடமையாக்குகிறது திருச்சபைச் சட்டம். நோயுற்றோரை அது கட்டுப்படுத்தாது என்பது நெடுநாள் மரபு. உண்ண அஞ்சும் ஒருவருக்கு, உண்பதே ஒறுத்தல் முயற்சி ஆகலாம் அன்றோ?

மாற்கு நற்செய்தியில் யாயீரின் மகளுக்கு வயது பன்னிரண்டு. அழுது ஆர்ப்பரித்த கூட்டத்தை இயேசு வெளியே அனுப்பினார். தாயையும் தந்தையையும் உடன் அழைத்துச் சென்றார். சிறுமியின் கையைப் பிடித்தார். அவள் எழுந்த பின்னரே, உண்ணக் கொடுக்குமாறு பணித்தார். கையைப் பிடிக்கும் பரிவைப் புரூக் நன்கு அறிந்திருந்தார். பெற்றோரை உள்ளே அழைக்கத்தான் தவறினார். நாமோ அன்று வெளியே ஆர்ப்பரித்த கூட்டத்தில் நின்றோம். நம் மறையுரையால் புகழப்பட்ட அப்பெண் நீண்ட சிகிச்சைக்குப் பின் இன்று உண்கிறாள். தவக்காலம் வரும்போதெல்லாம், யாருடைய நோன்பையும் புகழுமுன் நாம் ஒரு கணம் நிறுத்திக்கொள்கிறோம். அருள்பணியாளரும் பெற்றோரும் அவ்வாறே செய்தல் நலம். மெலிந்துவரும் பிள்ளையைக் கண்டால் அறிவுரையை நிறுத்தி, அருகில் அமர்ந்து, காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அதனினும் நலம்.