ஈர்ப்புக் கொள்கை: மூன்று பள்ளிகள், ஓர் உரைகல்

யுரேனஸ் கணித்த பாதையில் செல்லவில்லை. காணாத கோள் ஒன்று அதை இழுப்பதாக வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். 1846இல் பெர்லின் வானாய்வகத்தில் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதைப் பிசகுக்கும் அவர் 'வல்கன்' என்றொரு கோளைச் சொன்னார். அது அகப்படவேயில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலையான அந்தப் பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் தீர்த்தது. குறைவது பொருளா, விதியா? அண்டவியலில் இன்றும் பள்ளிகள் பிரிவது இங்கேதான்.

முதற்பள்ளி விதியைத் தொடாமல் பொருளைக் கூட்டுகிறது. கேலக்ஸிகளின் விளிம்பிலும் சுழற்சி வேகம் குறையவில்லை என்பதை 1970களில் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்து காட்டினர். கண்ணுக்குத் தெரியாத பொருள் அவற்றை இழுக்கிறது என்ற கரும்பொருள் கருத்து வேரூன்றியது. அண்ட விரிவு வேகமெடுப்பதை 1998இல் கண்டதும் அதை விளக்கக் கரும் ஆற்றலும் சேர்ந்தது. பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டில் நாமறிந்த அணுப்பொருளின் பங்கு சுமார் 5 விழுக்காடுதான்.

இரண்டாம் பள்ளி இயற்பியலாளர் மில்குரோமுடையது. முடுக்கம் மிகக் குறைந்த இடங்களில் நியூட்டன் விதியே மாறும் என்றார் அவர், 1983இல். கேலக்ஸிகளின் சுழற்சிக்கு இது அழகாகப் பொருந்துகிறது. கேலக்ஸித் திரள்களில் மட்டும் கணக்கு உதைக்கிறது.

மூன்றாம் பள்ளி ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளையே விரித்து, கூடுதல் புலங்களைச் சேர்க்கிறது. அதற்குச் சோதனை வந்தது 2017 ஆகஸ்ட் 17 அன்று. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலை முதலில் வந்தது, 1.7 நொடி கழித்துக் காமா கதிர்கள் வந்தன. அத்தனை தூரத்துக்கு இவ்வளவே இடைவெளி என்றால் இரண்டின் வேகமும் ஒன்றே. வேறு வேகம் சொன்ன கொள்கைகள் பல அத்துடன் விழுந்தன.

எந்த அளவீடு வந்தால் தோல்வியை ஒப்புவோம் என்று முன்கூட்டியே சொல்வதே கொள்கைக்கு உரைகல். பெருவெடிப்பின் எச்சமான பின்னணிக் கதிர்வீச்சு முதல் கேலக்ஸித் திரள்கள் வரை ஒரே கணக்கில் அடக்கும் முதற்பள்ளியே முன்னிற்கிறது. ஆனால் அதன் கரும்பொருள் துகள் ஒவ்வொரு கருவிக்கும் தப்பும்போது, துகளின் இயல்பை மாற்றிக்கொள்ள அதற்கு இடமிருக்கிறது. அண்ட விரிவின் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி பின்னணிக் கதிர்வீச்சின் வழியே 67 என்றும், அருகிலுள்ள சூப்பர்நோவாக்களின் வழியே 73 என்றும் வருவதும் தீரவில்லை.

கரும் ஆற்றலில் மட்டும் முதற்பள்ளி தப்ப வழியில்லை: ஆற்றலின் அடர்த்தி எக்காலத்தும் மாறாது என்று துணிந்து சொல்லியிருக்கிறது. கேலக்ஸிகளை வரைபடமாக்கும் அரிசோனாவின் டெசி ஆய்வு 2024 முதல் மாற்றத்தின் சாயலைக் காட்டிவருகிறது. அது உறுதிப்பட்டால், லெவெரியேயின் பழைய கேள்வியை முதற்பள்ளி தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.