ஸ்டாட் கட்டளையின் ஒற்றை வரி

லினக்ஸ் கணினியில் ஒரு கோப்பின் அனுமதிகளை அறிய விரும்புவோர் அநேகமாக எல்.எஸ். கட்டளையையே நாடுகிறார்கள், ஆயினும், க்நூ கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் அதனுடன் கூடவே வரும் ஸ்டாட் கட்டளையோடு பல வாரங்கள் பழகிய பின், இக்காரியத்துக்கு அதுவே உத்தமமான கருவி என்ற அபிப்பிராயம் எனக்குத் திடப்பட்டிருக்கிறது.

படிக்க நான்கு, எழுத இரண்டு, இயக்க ஒன்று என்ற கணக்கு எல்லோரும் அறிந்ததே. சங்கடமெல்லாம் நான்காவது இலக்கத்தில்தான். செட்யூஐடி, செட்ஜிஐடி, ஸ்டிக்கி என்னும் விசேஷக் கொடிகளுக்கு எழுத்து வடிவத்தில் தனி ஸ்தானம் இல்லாமையால், அவை இயக்க உரிமைக்குரிய எக்ஸ் எழுத்தின் ஆசனத்திலேயே வந்து அமர்கின்றன. அங்கே சிறிய எஸ் நின்றால் இயக்க உரிமையும் விசேஷக் கொடியும் சேர்ந்திருக்கின்றன. பெரிய எஸ் நின்றால் கொடி மாத்திரம் இருக்கிறது, இயக்க உரிமை இல்லை. டென்னிஸ் ரிட்சியின் பெயரில் 1979-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற செட்யூஐடி, நிரலை யார் இயக்கினாலும் அதன் உடையவருடைய அதிகாரத்தையே அவருக்குத் தற்காலிகமாக அளிப்பதாகையால், இந்த பேதத்தைக் கவனியாமல் விடுவது அபாயகரமானது.

ஸ்டாட்டின் வடிவக் குறிப்பில் சிறிய ஏ, பெரிய ஏ இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால், எண்ம இலக்கமும் எழுத்து வரிசையும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. எழுத்தைப் பார்த்து மயங்கும் கண்ணுக்கு 4755 என்றும் 4644 என்றும் பக்கத்திலேயே சாட்சி கிடைக்கிறது. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவின் கடைசி எழுத்து ஏன் டி என்று தயங்குபவருக்கு, 1777 என்ற எண் அக்கணமே விடை சொல்லிவிடுகிறது. இந்தச் சௌகரியம் ஒன்றுக்காகவே இதை நான் விடமாட்டேன். மேக் கணினியிலுள்ள ஸ்டாட் பிஎஸ்டி பரம்பரையில் வந்ததாகையால், அங்கே குறிப்புகள் வேறு.

ஆனால் என் மனத்தை ஓயாமல் உறுத்தும் குறை ஒன்று உண்டு. 644 என்றிருந்த கோப்பில், ஏ.சி.எல். என்னும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் வாயிலாகக் குறிப்பிட்ட ஒரு பயனருக்கு மாத்திரம் எழுதும் உரிமை அளித்தால், ஸ்டாட் 664 என்று காட்டுகிறது. குழுவின் இடத்தில் அப்போது தெரிவது மாஸ்க் என்னும் உச்சவரம்பே. குழுவினரோ முன்போலவே படிக்க மாத்திரம் உரியவர்கள். எல்.எஸ். இத்தகைய கோப்பின் அனுமதிகளுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியாவது இட்டு எச்சரிக்கிறது. இத்தனை துல்லியமான ஸ்டாட் அதையும் இடாமல் மௌனம் சாதிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அடுத்த பதிப்புகளிலேனும் அக்குறி சேருமாயின் மகிழ்வேன். அதுவரை, பலர் பகிர்ந்துகொள்ளும் கோப்புறைகளில் ஸ்டாட்டுக்குப் பின், அப்பட்டியலைக் காட்டும் கெட்ஃபேக்ள் கட்டளையையும் தவறாமல் இயக்கிப் பார்க்க வேண்டும்.