ஒளியின் ஆலயமும் ஒரு கண்ணாடியும்

1524ஆம் ஆண்டில் சூரிச் நகரத்து ஆலயங்களிலிருந்து சுரூபங்களும் ஓவியங்களும் அகற்றப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. அச்சீர்திருத்தத்தை நடத்திய சுவிங்கிலி கலையை வெறுத்தவர் அல்லர். இசைக்கருவிகள் பலவற்றை வாசிக்க வல்லவர். வசனத்துக்குச் செவிகொடுக்கத் தடையாயிருப்பவை நீங்கவேண்டும் என்பதே அவர் கருத்து. ஆகவே வெறுஞ்சுவர் நம் மரபுக்குப் புதிதன்று. நீக்கியபின் எஞ்சுவது யாருக்காக என்னும் கேள்வியும் புதிதன்று.

1960களில் அமெரிக்காவில் 'மினிமலிசம்' எனப் பெயர்பெற்ற கலைப்போக்கு இக்கேள்வியைத் தனக்குரியதாகக் கொள்ளவில்லை. டெக்சஸ் மாநிலத்து மார்ஃபாவில் டொனால்டு ஜட் 1982 முதல் 1986 வரை உருவாக்கிய 100 அலுமினியப் பெட்டிகள் புறத்தே ஒரே அளவின; உள்ளமைப்பில் ஒவ்வொன்றும் வேறு. அவை எதையும் சித்திரிப்பதில்லை. தம்மையன்றி எதையும் சுட்டுவதுமில்லை. கதையும் குறியீடும் நீங்கவே, உலோகத்தையும் அதன்மேல் நகரும் வெயிலையும் கூர்ந்து நோக்க நாம் கற்கிறோம். இது அற்பமான பயன் அன்று. ஆயினும் அப்பெட்டிகளுக்குச் சபை இல்லை.

சபை உள்ள இடத்தில் இக்கலை என்னவாகிறது? ஜப்பானில் ஒசாகாவை அடுத்த இபராக்கி நகரில், ஜப்பான் ஐக்கிய கிறிஸ்து சபையைச் சேர்ந்த ஒரு சிறு சபைக்காகத் தடாவோ ஆண்டோ 1989இல் முடித்த ஆலயம் 'ஒளியின் ஆலயம்' என அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 6 மீட்டர் அகலமும் 18 மீட்டர் நீளமுமுள்ள காங்கிரீட்டுப் பெட்டி அது. சபையாரிடம் பணம் குறைவு. இருக்கைகள் சாரப்பலகைகளால் ஆனவை. தளம் பீடத்தை நோக்கித் தாழ்ந்து செல்கிறது. எனவே போதகர் சபையாருக்கு மேலே உயர்ந்து நிற்பதில்லை. முன்சுவரில் சிலுவை என்று ஒரு பொருள் இல்லை. சிலுவை வடிவில் சுவர் பிளந்திருக்கிறது, அவ்வளவே. இருளினூடே அப்பிளவு வழியாக ஒளி புகுகிறது. ஜட்டின் பெட்டி தன்னில் நிறைவுறுகிறது. இப்பெட்டியோ தன்னிலுள்ள குறையினாலேயே பேசுகிறது.

அப்பிளவில் கண்ணாடி கூடாது என்பது ஆண்டோவின் விருப்பம். ஒளியோடு காற்றும் வரவேண்டும் என்றார். குளிர் தாங்காது என்றனர் சபையார். கண்ணாடி பொருத்தப்பட்டது. அது என்றேனும் நீங்கவேண்டும் என்னும் ஆசையை ஆண்டோ பின்னரும் விடவில்லை. 2017இல் டோக்கியோவின் தேசியக் கலை மையத்தில் அவ்வாலயத்தை முழு அளவில் மீண்டும் அமைத்தபோது கண்ணாடியின்றியே அமைத்தார்.

அவர் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கண்ணாடி ஒரு தடுப்புத்தான். வெளியுலகின் காற்றும் ஓசையும் ஆராதனைக்குள் வருவதை அது குறைக்கிறது. எனினும் கண்காட்சிக்கு வருவோர் சற்று நேரம் நின்று போகிறவர்கள். சபையாரோ வாரந்தோறும், மாரிக்காலத்திலும், முதியவரோடும் குழந்தைகளோடும் வந்து அமர்கிறவர்கள். ஹிரோஷி சுகிமோட்டோ 1997இல் இவ்வாலயத்தை வேண்டுமென்றே தெளிவின்றிப் புகைப்படம் எடுத்தார். நுணுக்கங்கள் கரைந்து ஒளி எஞ்சுகிறது. படத்துக்கு அது தகும். படம் எவரையும் குளிரில் உட்காரவைப்பதில்லை. என் மதிப்பீட்டில், கண்ணாடியுள்ள ஆலயமே மேலான படைப்பு. அக்கண்ணாடியில் சபையின் குரல் பதிந்திருக்கிறது.

வீட்டுப் பொருள்களைக் குறைத்து வாழ்வது இன்று வசதியுள்ளோரிடையே நாகரிகமாகியுள்ளது. வேண்டும்போது மறுபடி வாங்க வல்லவருக்கே அஞ்சாமல் கழிப்பது எளிது. ஒற்றையறைக் குடும்பத்தின் வெறுமை அவர்கள் தெரிந்துகொண்டதன்று. பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கூறும் வெறுமையாக்குதலுக்கோ ஒரு திசை உண்டு. அது அடிமையின் நிலைமட்டும் பிறர்பொருட்டு இறங்கியது, அழகின்பொருட்டு அன்று.

ஆலயங்களைக் கட்டவும் புதுப்பிக்கவும் ஆலோசனை கூறும் ஆயர்கள் எதை நீக்கலாம் என்று கேட்பது நன்று. நீக்கினால் நடுங்கப்போகிறவர் யார் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்பது கடன்.