பூனாச்சியும் ஒரு சிவப்பு அடிக்கோடும்

எனக்கு வீடு கடலூரில், வேலை சிதம்பரத்தில். மாணவர்களின் கட்டுரைகளைப் பெரும்பாலும் பேருந்தில்தான் திருத்துகிறேன். சிப்காட் நெருங்கும்போது ரசாயன நெடிக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலை மூடுவார்கள், நானும் மூடுவேன். முதுகலை மாணவி ஒருத்தி பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' பற்றி எழுதியிருந்த நான்கு பக்கங்களையும் அப்படித்தான் வாசித்தேன். பத்துக்கு ஐந்து போட்டேன். 'நான்', 'எங்கம்மா', 'எங்க ஆயா' என்று வந்த இடங்களிலெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. திறனாய்வில் சொந்தக் கதை வேண்டாம் என்று ஓரத்தில் குறிப்பு வேறு.

நாவலை நான் நடத்திய விதம் இதுதான். 'மாதொருபாகன்' எதிர்ப்பையொட்டி, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது. 2016 ஜூலை 5 அன்று வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அதே ஆண்டு இறுதியில் இந்த நாவல். மனிதர்களைப் பற்றி எழுத அஞ்சியவர் ஆட்டைப் பற்றி எழுதினார். ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்யும் அரசு, கண்காணிப்பு அரசின் உருவகம். ஆர்வெல்லின் '1984'ஐயும் துணைக்கு அழைத்தேன். வகுப்பே அதைத் திருப்பி எழுதித் தந்தது, அவள் ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு அரசு உருவகமாகத் தெரியவில்லை. காது குத்த ஆட்டுக்குட்டியோடு கிழவி காத்திருக்கும் வரிசையைப் படித்ததும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணத்துக்காக ரேஷன் கார்டோடு அம்மா நின்ற வரிசை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. 'வரிசையில் நிற்பவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள், ஆசிரியர் அதைச் சரியாக எழுதியிருக்கிறார்' என்று ஒரு வரி. தானே புயலிலும் வெள்ளத்திலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வரிசை என்றால் என்னவென்று நான் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அடுத்து அவள் நின்ற இடம் பூனாச்சியின் ஈற்று. ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள். அதிசயம் என்று ஊர் பேசுகிறது, குட்டிகள் விலைபோகின்றன, தாய் மறுபடி சினையாகிறாள். இதற்கு நேராக அவள் எழுதியது: 'எங்கம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர். மூன்றாவது தம்பி. அவன் பிறக்கும்வரை ஆயா ஆபரேஷனுக்கு விடவில்லை. அவன் பிறந்ததும் ஆயாவே கூட்டிப்போனார். வந்த பணத்தையும் ஆயாவே வாங்கிக்கொண்டார்.'

குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி இலக்கிய வகுப்பில் நாங்கள் பேசுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை சிகிச்சையை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவீதம். மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் கருப்பை அரசின் உடைமை. உலகில் எங்கேனும் ஏற்கெனவே நடக்காத எதையும் அதில் சேர்க்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வாசிக்கிறவருக்கு வருங்காலமாகத் தோன்றுவது இன்னொருத்தியின் அம்மாவுக்கு நடந்து முடிந்திருக்கும். இந்தச் சாதாரண விஷயம் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு ஒரு மாணவியின் தாளிலிருந்துதான் உறைத்தது.

கிழவியைப் பற்றி அவள் எழுதியிருப்பது நான் படித்த மதிப்புரைகளைவிடக் கூர்மையானது. 'கிழவி நல்லவள். நல்லவளாக இருந்துகொண்டேதான் குட்டிகளை விற்றாள்.' பாசத்தையும் வறுமையையும் ஒரே கையில் வைத்திருக்கும் அந்தக் கிழவியை நான் தாய்மையின் உருவம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அவளோ கிழவியில் தன் ஆயாவைக் கண்டாள். வெறுக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளோடு எனக்கு உடன்பாடில்லை. பஞ்சத்தில் நலிந்து, வயிற்றில் மறுபடியும் குட்டிகளோடு இருக்கும் பூனாச்சி கடைசியில் கற்சிலையாகிறாள். இது எனக்குப் பிடிக்காத முடிவு. கண்ணகியிலிருந்து ஊர் எல்லையில் நிற்கும் அம்மன்கள்வரை, வாழவிடாத பெண்ணைக் கல்லாக்கிக் கும்பிடுவது நம் பழைய தந்திரம். அரசியல் நாவலாக ஓடிவந்த கதை அந்த இடத்தில் கோயில் கதையாகிவிடுகிறது என்பது என் கட்சி. அவள் எழுதியது வேறு: 'கல்லானால் அடுத்த ஈற்று இல்லை. ஆபரேஷன் முடிந்து வந்த அன்றுதான் எங்கம்மா பகலில் படுத்திருந்து பார்த்தேன். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா செத்துவிட்டார் என்று அழுதேன்.'

இந்த வரியின் கீழும் சிவப்புக் கோடு இருக்கிறது. நான் போட்டதுதான்.

அகப்பாட்டில் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மரபு. அதைப் பாடமாக நடத்தி நடத்தி, திறனாய்விலும் ஆள் தெரியக் கூடாது என்று நாங்களே ஒரு விதி செய்துகொண்டோம்போல. கவிதையில் என் உடம்பை எழுத எனக்கு உரிமை கேட்டு எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்! மாணவி தன் அம்மாவின் உடம்பை எழுதினால் மதிப்பெண் குறைகிறது. அவள் 'நான்' என்று எழுதியதால் கட்டுரை எங்கும் தளரவில்லை. 'உருவகம்', 'குறியீடு' என்று என் சொற்களைக் கடன் வாங்கிய முதல் பத்தியில்தான் தளர்ந்திருந்தது. அங்கே நான் 'நன்று' என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் அவளைத் துறைக்கு வரச்சொல்லி ஐந்தை ஒன்பதாகத் திருத்தினேன். கல்லாகும் முடிவைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டோம், அவள் இறங்கிவரவில்லை. தாளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்மா. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது." தமிழ்த் துறையில் பிள்ளைகள் எங்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முழுசும் படிச்சுக் காட்டுவியா?"

கொஞ்சம் யோசித்தாள்.

"முதல்ல ஆட்டுக் கதைய மட்டும்மா. அவங்களே கேட்டாங்கன்னா மிச்சத்தையும்."

நகல் எடுக்கத் தாளைக் கொடுத்தனுப்பினேன். அந்தக் கோடுகள் ஜெராக்ஸில் கறுப்பாகத்தான் விழும்.