அயலில் வரைபவர் யார்?

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயர் மட்டும் இருக்கும். ஒரு கோயிலின் பேரால், ஒரு பழைய வாத்தியார் வீட்டின் பேரால், எப்போதோ தறித்துவிட்ட ஒரு புளியமரத்தின் பேரால் அயலவர் அவற்றைச் சொல்வார்கள். செய்மதிப் படத்தைப் பார்த்தால் கூரை தெரியும், தோட்டங்களின் சதுரம் தெரியும், பனையின் நிழல்கூடத் தெரியும். ஒழுங்கையின் பெயர் தெரியாது. அது அடுத்த தெருவில் போய் ஏறுகிறதா, யாரோ ஒருவர் வீட்டுப் படலையோடு நின்றுவிடுகிறதா என்பதும் தெரியாது. அதை நடந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அந்த நடந்து பார்த்தவரை நம்பி எழுந்த முயற்சி. 2004 இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த உலக வரைபடத்தை எவரும் திருத்தலாம், எவரும் காசின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். புதிதாகச் சேர்பவருக்கு இரண்டு மூன்று நாளில் ஒரு கேள்வி வந்துவிடும்: என் அயலில் இதைச் செய்பவர் வேறு யாரும் உண்டா? அதற்கு விடை தர இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. உறுப்பினர் தன் இருப்பிடத்தைத் தானே வரைபடத்தில் குறித்து வைப்பது ஒன்று. குறித்தவருக்கு, அருகில் தம்மைக் குறித்த மற்றவர்களின் பட்டியல் கிடைக்கும். ஜெர்மனியரான பாஸ்கல் நைஸ் உருவாக்கிய கருவி மற்றது. ஒருவர் செய்த திருத்தங்கள் எந்தப் பகுதியில் மிகுதி என்று பார்த்து, அங்கே அவருக்கு ஒரு புள்ளி வைக்கிறது. முதல் வழியில் ஆள் பேசுகிறார், இரண்டாவதில் அவருடைய வேலை பேசுகிறது.

இப்படி ஒரு வழி கட்டாயம் வேண்டும். நைஸும் அலெக்சாண்டர் சிஃப்பும் 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதிவு செய்தவர்களில் 38 சதவீதத்தினர்தான் ஒரு திருத்தமாவது செய்திருந்தனர். குறிப்பிடத்தக்க அளவில் பங்களித்தவர் 5 சதவீதம். அன்றைய உறுப்பினரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஐரோப்பாவில் இருந்தவர்கள். நம் பக்கத்தில் உண்மையாக வேலை செய்பவர் எத்தனை அரிதானவர் என்பதை இதைக்கொண்டே கணிக்கலாம். அவரைத் தேடிப் பிடிக்க ஒரு வழி இல்லையென்றால், ஒரே ஊரில் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வீதியை வேறு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டிருப்பார்கள். புத்தூர் என்ற பெயரிலேயே சிக்கல் உண்டு. ஆந்திராவில் ஒரு புத்தூர், கர்நாடகத்தில் ஒரு புத்தூர், திருச்சியில் ஒரு புத்தூர். தூரத்திலிருந்து தேடுபவர் வேறொரு புத்தூரில் போய் இறங்க அதிக நேரம் ஆகாது. உள்ளூரில் ஒருவர் இருந்தால் அந்தத் தவறு ஒரு நாளுக்கு மேல் நிற்காது.

ஆபத்துக் காலத்தில் இந்தத் தேவை இன்னும் கூடும். 2015 வெள்ளத்தின்போது சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை மக்களே இதே வரைபடத்தின்மீது குறித்தார்கள். நம் இலங்கையில், உலக வங்கி 2012 இல் தொடங்கிய திறந்த நகரங்கள் திட்டத்துக்கு டாக்கா, காத்மாண்டு ஆகியவற்றோடு மட்டக்களப்பும் தெரிவானது. அங்கே கட்டடங்கள் ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றப்பட்டன. இத்தகைய திட்டங்களுக்கு ஒரு முடிவு நாள் உண்டு, ஊருக்கு இல்லை. அந்த நாளுக்குப் பிறகும் யார் கை ஓயவில்லை என்று காட்டுவதில் நைஸின் கருவி மெய்யாகவே பெறுமதியானது.

ஆனால் அருகில் என்ற சொல்லை அந்தக் கருவி எப்படிப் பொருள்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். அதில்தான் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய இடறல். கனடாவின் ஸ்காபரோவிலோ லண்டனிலோ இருக்கும் புத்தூர்க்காரர் ஒருவர், ஊர் நினைவில் இரவிரவாக நிலாவரைக் கிணற்றுப் பக்கத்து வீதிகளைச் செய்மதிப் படத்தை வைத்து வரைகிறார் என்று வையுங்கள். திருத்தத்தைக் கொண்டு கணிக்கும் கருவி அவரைப் புத்தூரில் காட்டும். இருப்பிடப் பட்டியலோ அவரை ஸ்காபரோவில் காட்டும். இரண்டும் பொய்யல்ல, எதுவும் முழு உண்மையும் அல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில், போர் நெருங்க, புத்தூர் அடங்கிய வலிகாமமே ஒரே இரவில் பெயர்ந்தது. அன்று போய்த் திரும்பாதவரிடம் இருப்பது அந்த நாளுக்கு முந்தைய ஊர். இன்று இருக்கும் வீதியில் எது திறந்தது, எது இன்னும் முட்கம்பிக்குள் இருக்கிறது என்பது இங்கிருப்பவருக்கே தெரியும். வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயக் காணிகள், போர் முடிந்த 2009 க்குப் பின் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டன. அந்தப் பக்கத்து வீதி ஒன்றைப் படத்தைப் பார்த்து வரைந்தவர் நல்லெண்ணத்தோடுதான் வரைந்திருப்பார். அதை நம்பிப் போகும் ஓட்டோ தடையில் வந்து நிற்கும். முந்தைய ஊரை அறிந்தவரும் வேண்டும், இன்றைய ஊரை அறிந்தவரும் வேண்டும். கருவி இருவருக்கும் ஒரே மாதிரிப் புள்ளி வைக்கிறது.

திருத்தங்களின் எண்ணிக்கையைத் தகுதியாகக் கொள்வதும் இதே தவறின் இன்னொரு முகம். ஒரே மூச்சில் ஆயிரம் கூரை வரைந்தவர் பட்டியலில் உயர்ந்து நிற்பார். ஐந்து ஒழுங்கைகளின் பெயரைக் கேட்டறிந்து, தமிழில் சரியாக எழுதி வைத்தவர் கண்ணில் படமாட்டார். எனக்கு இரண்டாமவரே பெரியவர். அவரைவிடவும் அதிகம் அறிந்தவர்கள் கணக்கே திறக்காதவர்கள்: தபால்காரர், கிராம சேவையாளர், சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர். எந்தக் கருவியும் அவர்களைக் காட்டப்போவதில்லை. ஆகவே கருவி காட்டும் அந்த ஒருவரிடம் போவதே, அவர் மூலம் இவர்களிடம் போய்ச் சேரத்தான்.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கையில் வரைபடம் இருந்தாலே விசாரணை என்ற காலத்தை வாழ்ந்து கடந்த மண் இது. தன் வீட்டுக் கூரைமேல் குறியை வைத்து, இன்னார் இங்கே இருக்கிறார், இந்தந்த நாளில் இந்தந்த இடத்தைத் திருத்தினார் என்று காட்டுவது பெர்லினில் ஒரு பொருள் தரும், வலிகாமத்தில் வேறொரு பொருள் தரும். தனியே இருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கு எங்கேயும் அது பாதுகாப்பல்ல. இருப்பிடத்தைக் குறிப்பது அவரவர் விருப்பம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் திருத்தத்தைக் கொண்டு கணிக்கும் முறையில் அந்த விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. வீட்டைச் சுற்றியே திருத்துபவரின் புள்ளி வீட்டருகிலேயே விழும். இந்த முறையின் ஆகப் பெரிய குறை இதுவே என்பேன். ஊர் மட்டத்தில் தெரிந்தால் போதும். தெரு மட்டத்தில் ஆளைக் காட்டும் தேவை ஒருவருக்கும் இல்லை.

இத்தனை குறைக்குப் பின்னும் இந்த வழியை விட்டுவிடச் சொல்லமாட்டேன். பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்த நாளில்தான் பலருடைய வேலை சூடுபிடிக்கிறது. கருவி தரும் பெயரை அறிமுகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியாக எப்போது திருத்தினார், பெயர்களை எழுதியிருக்கிறாரா, கூரைகளை மட்டும் வரைந்திருக்கிறாரா என்று அவருடைய திருத்தங்களைத் திறந்து பாருங்கள். பிறகு ஒரு திருத்தத்தின் கீழ் தமிழில் ஒரு வரி கேளுங்கள்: இந்த ஒழுங்கையால் இப்போது போகலாமா? ஊரில் இருப்பவர் உடனே பதில் சொல்வார், தூரத்தில் இருப்பவர் யாரிடமாவது விசாரித்துச் சொல்வார். குடாநாட்டில் இந்த வேலையைத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இருப்பிடம் கேட்கும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள், வீட்டையும் குறிக்காதீர்கள். குறியைப் புத்தூர்ச் சந்தியில் வையுங்கள். தேடி வருபவருக்கு அது போதும்.