கொடுப்பதும் எடுப்பதும்: அனுபந்தங்கள் பற்றி

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதி அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்று சிறு புத்தகங்கள் கொண்டது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் நடத்தும் ஆட்டம். மறு வருஷமே 'கிரேஹாக்' என்ற முதல் அனுபந்தம் வந்தது. அதற்குப் பின் அனுபந்தங்கள் நிற்கவில்லை. அவற்றின் தரம் ஒரு சீராக இல்லை, புதுப் பாத்திரங்கள் பழையவற்றைவிட வலுவாக இருந்து சமநிலையைக் கெடுக்கின்றன என்பது வழக்கமான குறை. உண்மைதான், ஆனால் மேலோட்டமானது.

கூடுதல் வலு கண்ணில் பட்டுவிடும், வேண்டாமென்று ஒதுக்கிவிடலாம். கொடுப்பது போல் எடுத்துக்கொள்வதைக் கண்டுகொள்வதுதான் கஷ்டம். மூல நூலில் எந்த ஆயுதத்தின் அடிக்கும் ஆறு பக்கப் பகடை ஒன்றுதான். வீரன் கையில் கத்தியா வாளா என்பது அவன் சுபாவத்தைப் பொறுத்த விஷயம். கிரேஹாக் கத்திக்கு நான்கு பக்கப் பகடையும் வாளுக்கு எட்டுப் பக்கப் பகடையும் தந்தது. யதார்த்தம் கூடிற்று. கத்தியைத் தேர்வது அசட்டுத்தனமாயிற்று.

அதே நூலில் அறிமுகமான திருடன் இன்னும் தெளிவான உதாரணம். முதல் நிலைத் திருடனுக்கு, நிழலில் ஒளிய நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. அதற்கு முன்பு ஒளிய நினைத்த எவனும் எங்கே, எப்படி என்று சொல்லி, ஆட்டத்தை நடத்துபவரை ஒப்புக்கொள்ள வைத்தால் போதும். எண் வந்ததும் ஒளிவது திருடனின் சொத்தாயிற்று. அவனும் பத்தில் ஒன்பது தடவை தோற்றான். யாருக்கும் லாபமில்லாத வரவு.

பல கண்களோடு மிதந்து வரும் கோளமான 'பிஹோல்டர்' என்ற பிராணியும் இதே கிரேஹாக்கில்தான் வந்தது. அது யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. மேஜையிலிருக்கும் எல்லோருக்கும் ஒரு புதுச் சங்கடத்தைத் தந்தது. ஒரே நூலின் இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி போடுவது விமர்சனமாகாது.

கணக்கை மட்டும் நேராக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பு வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வார்த்த ஆற்றல்களைக் கொடுத்தது. எல்லாரும் ஒரே ஆள் போலிருக்கிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் பலர் அலுத்துக்கொண்டார்கள். வங்கியில் தினமும் பற்றும் வரவும் நேராவதைப் பார்க்கிறவன் நான். நேரான கணக்கு, கணக்கு நேர் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

ஓர் அனுபந்தத்தை மதிப்பிட, அது வந்த பிறகு மேஜையில் பேசுவதை நிறுத்திக்கொண்டவர் யார் என்று பார்க்க வேண்டும். ஒரு உத்திக்குப் பெயர் வைத்ததும், அதுவரை எல்லோரும் செய்துவந்த காரியம் சிலரின் தனியுரிமையாகிவிடுவதை எழுதுகிறவர்களான நாமும் பார்த்திருக்கிறோம். பெயர் வைத்தவர்களில் நாமும் உண்டு.