பெருந்தொற்றின் பின் பாத்திரமேற்பு ஆட்டம்: மேசையின் உடைமை பற்றிச் சில குறிப்புகள்

கலை இலக்கிய வடிவங்களை ஆராய்வோர் விளையாட்டுக்களைப் புறத்தே நிறுத்திவிடுவது வழக்கம். ஆயினும் கடந்த அரை நூற்றாண்டிலே ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிப் பரவிய மேசைப் பாத்திரமேற்பு ஆட்டத்தை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. நால்வரோ ஐவரோ மேசையொன்றைச் சூழ்ந்திருக்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி நின்று பேசுகின்றனர். நெறியாளர் ஒருவர் அவர்கள் எதிர்கொள்ளும் உலகையும் பகைவரையும் ஏற்றுரைக்கிறார். செயலொன்று கைகூடுமா என்ற ஐயம் எழுமிடத்துப் பகடை முடிவு கூறுகிறது. கதை அவ்விடத்திலேயே பிறந்து, ஆடுவோரின் நினைவிலன்றி வேறெங்கும் பதியாது போய்விடுகிறது. ஆக்குவோரும் நுகர்வோரும் அங்கே வேறு வேறானோர் அல்லர். வாய்மொழிக் கலைகளிற் பயிற்சியுள்ளோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. பண்டமாக விற்கப்படும் ஒன்றினுள் இது நிகழ்கிறது என்பதே கவனத்துக்குரியது.

கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. போர்க்கள மாதிரி ஆட்டங்களின் வழியிலே பிறந்த அது, இன்று ஹஸ்ப்ரோ கம்பனிக்குச் சொந்தமான விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் நிறுவனத்தின் உடைமை. முதலாளியின் நோக்கிலே இது ஒரு சங்கடமான பண்டம். விதிநூலை ஒருவர் வாங்கினால் ஐவர் ஆடலாம்; ஒரு முறை வாங்கினால் இருபது ஆண்டு ஆடலாம். அதன் பின்னர் நிகழ்வதெல்லாம் ஆடுவோரின் கற்பனை உழைப்பு; அதன்மீது வரி விதிக்கும் வாயில் எதுவும் கம்பனிக்கு இருக்கவில்லை.

2020இல் கோவிட்-19 பெருந்தொற்று அந்த மேசையைக் கலைத்தது. இண்டியானாபொலிசில் ஆண்டுதோறும் கூடும் ‘ஜென் கொன்’ பெருவிழா அவ்வாண்டு நேரில் நடைபெறவில்லை. ஆட்டக் குழுக்கள் இணையத் திரைக்குக் குடிபெயர்ந்தன. இதற்கான கருவிகளைப் பெருந்தொற்று படைக்கவில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும். ‘ரோல்20’ என்னும் இணைய மேசை 2012இலேயே இருந்தது. விருப்பமுள்ள சிலரின் வசதியாக இருந்ததைப் பெருந்தொற்று எல்லோருக்கும் உரிய நிபந்தனையாக்கியது.

இம்மாற்றம் குறித்து இரு குரல்கள் எழுந்தன. முகம் பார்த்து ஆடும் உறவு அழிந்ததெனப் புலம்பியது ஒன்று. தொழில்நுட்பம் எல்லைகளை ஒழித்ததென மகிழ்ந்தது மற்றையது. முதலாவதில் உண்மை இல்லாமலில்லை. ஒருவர் தயங்குவதையும் மற்றவர் புன்முறுவலையும் கண்டே நெறியாளர் கதையைத் திருப்புகிறார். சதுரக் கட்டங்களுக்குள் ஒடுங்கிய முகங்கள் அதற்குப் போதா. ஆயினும் பழைய மேசையைப் பொற்காலமாக்க நாம் உடன்படோம். மாற்றுத்திறனாளரையும் தொலைவான ஊர்களிலே வாழ்வோரையும் அது பெரும்பாலும் உள்ளே விடவில்லை. ஆண்களின் கூடமாயிருந்து பெண்களை விலக்கிய இடங்களும் பல. பிறப்பைக் கொண்டு இயல்பை வரையறுத்த அவ்வாட்டத்தின் விதிநூல், ‘இனம்’ என்னும் சொல்லைக் கைவிட 2024 வரை சென்றது. (சொல் மாறியதால் மட்டும் சிந்தனை மாறிவிடாது என்பது வேறு விடயம்.)

இருவருமே கேளாத வினா, அந்தப் புதிய மேசை யாருடையது என்பதாகும். வீட்டு மேசைக்கு வாடகை இல்லை. இணைய மேசையிலோ பாத்திரத்தின் வரலாறு, வரைபடம், வாங்கிய நூல் ஆகிய யாவும் பிறருடைய கணினியிலே தங்குகின்றன. 2022இல் விசார்ட்ஸ் நிறுவனம் ‘டி அன்ட் டி பியோன்ட்’ என்னும் இணையச் சேவையை 14.63 கோடி டொலருக்கு வாங்கியதன் பொருள் இதுவே. அவ்வாண்டு டிசம்பரில் முதலீட்டாளர் முன்னிலையிலே அதன் தலைமை அலுவலர், இவ்வாட்டத்திலிருந்து போதிய வருவாய் ஈட்டப்படவில்லை என்றும் செலவு செய்வோர் பெரும்பாலும் நெறியாளரே என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறினார். மற்றையோரின் பணப்பை இன்னும் திறக்கப்படவில்லை என்பதே அதன் உட்பொருள்.

2023 ஜனவரியில் கசிந்த உரிமப் பத்திர வரைவு அடுத்த படி. 2000ஆம் ஆண்டு முதல் பிற எழுத்தாளர்க்குத் திறந்திருந்த விதிகளுக்கு இனி வேலி. ஆண்டு வருவாய் 7,50,000 டொலரைக் கடந்தால் மேலதிகத்தில் 25 சதவீதம் உரிமத்தொகை. ஆடுவோர் சந்தாவை நிறுத்தித் திரண்டெழுந்தனர். அம்மாத இறுதிக்குள் கம்பனி பணிந்து, அடிப்படை விதிகளைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தின் கீழ் விட்டது. இவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பெறப்பட்டது விதிகளின் வாசகம். இணைய மேசை பெறப்படவில்லை. திரண்டோரும் வாங்குவோர் என்ற நிலையிலேயே திரண்டனர்.

இனி வரப்போவது நேர்மேசையா திரைமேசையா எனக் கேட்பது பயனற்றது. இரண்டும் இருக்கும். 2020 மே மாதம் வெளிவந்த ‘ஃபவுண்ட்ரி’ என்னும் மென்பொருளை ஒரு முறை வாங்கினால் ஆடுவோர் தம் கணினியிலேயே மேசையை அமைத்துக்கொள்ளலாம். அதுவும் தனியார் பண்டமே, எனினும் மாத வாடகை கேட்பதில்லை. மறுபுறத்தே, விசார்ட்ஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ‘சிஜில்’ என்னும் முப்பரிமாண மேசை 2025இன் தொடக்கத்திலே வெளிவந்து, சில வாரங்களுக்குள் அதனை ஆக்கிய தொழிலாளரிற் பெரும்பாலானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஆடுவோரின் சீற்றத்தைப் பற்றி 2023இலே எழுதிக் குவித்தோர் இவர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. 2021 அக்டோபரில் மற்றோர் ஆட்ட வெளியீட்டகமான பைசோவின் ஊழியர் தொழிற்சங்கம் அமைத்து, அதே மாதத்திலே நிர்வாகத்தின் அங்கீகாரத்தையும் பெற்றிருந்தனர். சிஜிலை ஆக்கியோர்க்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை.